ஒற்றர் வேலையை விட்டவரின் பாக்கிக் கணக்கு: ‘ஈக்வலைசர்’ கேள்வி பதில்

கே (பெரம்பூர்): டென்சல் வாஷிங்டன் நடித்த ‘ஈக்வலைசர்’ படங்களைப் பார்த்திருக்கிறேன். பழைய டிவி தொடரும் அதே கதைதானா, சார்?

ப: பெயரும், ரகசிய ஏஜென்ட் வேலையை விட்டு வந்தவர் என்ற முன்கதையும் ஒன்று, ஆள்தான் வேறு. தொடர் 1985 முதல் 1989 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் வந்தது, மொத்தம் 88 எபிசோடு. அதில் ஹீரோ ராபர்ட் மெக்கால் நியூயார்க்கில் கோட்டு, டை, ஜாகுவார் கார் என்று மிடுக்காகத் திரிகிறவர். 2014 படத்திலோ பாஸ்டனில் ஒரு கடையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்.

கே (மயிலாப்பூர்): ரகசிய ஏஜென்ட், சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவுவதாகப் பேப்பரில் வரிவிளம்பரம் கொடுத்து ஆள் பிடிப்பாராம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

ப: இல்லைதான் அம்மா. பழைய எதிரிகளும் பேப்பர் படிப்பார்களே! ஆனால் அவர் காசுக்காகத் துப்பறியப் போகவில்லை. வேலையில் இருந்தபோது செய்த பாவங்கள் உறுத்துகின்றன. அதற்குப் பரிகாரம் தேடுகிறார். வேலை வேலை என்று ஓடியதில் மகன் ஸ்காட்டும் விலகிப் போய்விட்டான். இதைவிட எனக்குப் பிடித்தது, ‘கன்ட்ரோல்’ என்று மட்டுமே அழைக்கப்படும் பழைய மேலதிகாரியுடன் அவருக்கு இருக்கும் உறவு. ராபர்ட் லான்சிங் நடித்திருப்பார். மெக்காலுக்குத் தகவலோ ஆளோ வேண்டுமென்றால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் சும்மா கொடுப்பாரா? ராஜினாமா செய்தும் விடுதலை கிடைக்காத மனிதனின் கதை இது. துப்பாக்கிச் சண்டையை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் எனக்குச் சம்மதம்.

கே (கே.கே. நகர்): ஆக்‌ஷன் தொடருக்கு ஏன் அவ்வளவு வயதான ஹீரோ?

ப: மெக்காலாக நடித்த எட்வர்ட் உட்வர்டுக்கு அப்போது 55. 1967இலிருந்து 1972 வரை பிரிட்டனில் ‘காலன்’ தொடரில், செய்யும் கொலைகளை வெறுக்கும் அரசாங்கக் கொலையாளியாக நடித்தவர். அந்த அலுப்பு முகத்திலேயே இருக்கிறது. இளைஞரைப் போட்டிருந்தால் குற்ற உணர்ச்சி ஒட்டியிருக்காது.

கே (வேளச்சேரி): மூன்றாவது சீசனில் சில எபிசோடுகளில் மெக்கால் தலையையே காட்டுவதில்லையே?

ப: 1987இல் உட்வர்டுக்கு மாரடைப்பு. ரிச்சர்ட் ஜோர்டான் என்ற நடிகரை வைத்துச் சமாளித்தார்கள். ஹாலிவுட் நடிகர் ராபர்ட் மிச்சமும் வந்து கைகொடுத்தார்.

கே (அம்பத்தூர்): டைட்டில் மியூசிக் யாருடையது? அள்ளுகிறது!

ப: ‘தி போலீஸ்’ இசைக்குழுவின் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட். அவருடைய அப்பா மைல்ஸ் கோப்லண்ட் நிஜமாகவே சிஐஏவில் இருந்தவர். கதாசிரியர்கூட இப்படி யோசித்திருக்க மாட்டார்.

கே (தாம்பரம்): நம்ம ஊரில் உளவுத்துறையில் ஓய்வு பெற்றவர் டிடெக்டிவ் ஏஜென்சி திறக்க முடியுமா?

ப: தனியார் துப்பறிவாளர்களை ஒழுங்குபடுத்த 2007இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதனால் சென்னையில் போர்டு மாட்டியிருப்பவரும் சாதாரணக் குடிமகன்தான். போன் ஒட்டுக்கேட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். அப்புறம், பழைய கதையை எழுதலாம் என்றாலும் சிக்கல்: 2021இல் திருத்திய மத்திய அரசு ஓய்வூதிய விதிப்படி, உளவு அமைப்புகளில் இருந்தவர்கள் துறை சார்ந்த விஷயங்களை வெளியிட முன் அனுமதி வாங்க வேண்டும்.

கே (அடையாறு): குயின் லத்தீஃபா நடித்த புதிய ‘ஈக்வலைசர்’ தொடர் எப்படி?

ப: 2021இல் தொடங்கி 2025இல் முடிந்தது. அவர் அருமை. ஆனால் எது வேண்டுமானாலும் ஹேக்கர் கம்ப்யூட்டரில் தட்டி எடுத்துவிடுகிறார். கன்ட்ரோலிடம் போய்க் கையேந்தும் அவஸ்தை அதில் இல்லை.