சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்!

கேள்வி: செங்கோட்டையில் ஹார்டுவேர், பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். வயது 43. காலை எட்டு மணிக்குக் கடையைத் தவறாமல் திறந்துவிடுவேன். ஆனால் மூன்று விஷயங்கள் மட்டும் நகரவே மாட்டேன் என்கின்றன. அப்பா திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அம்மா முன்பே போய்விட்டார். அக்கா புனலூரில் இருக்கிறார். ஜி.எஸ்.டி. பில்களைக் கடைசி நாள் வரை போட்டுவைத்து ஆடிட்டரிடம் திட்டு வாங்குகிறேன். ராத்திரி போனை எடுத்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. ‘சீசன் முடியட்டும்’ என்று சொல்லிச் சொல்லியே நாள் போகிறது. இந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்ன வழி?

பதில்: எட்டு மணிக்குக் கடை திறக்கிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோம்பல் என்றால் எல்லா வேலையிலும் தெரியும். உங்களுக்கு மூன்றில் மட்டும்தான் கை ஓடவில்லை. அந்த வேலைகளை நினைத்ததும் மனசுக்குள் ஏதோ ஒரு சங்கடம் எழுகிறது. அதைத் தவிர்க்கத்தான் தள்ளிப்போடுகிறீர்கள். தள்ளிப்போட்ட நொடியே மனசு லேசாகிறது. அந்த நிம்மதிக்குப் பழகிவிடுவதுதான் சிக்கல். தள்ளிப்போடுதலை நேர நிர்வாகப் பிரச்சினையாகப் பார்க்காமல் உணர்ச்சியைக் கையாளும் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டிமதி பிச்சில் போன்றவர்கள் சொல்வது இதனால்தான். புது டைரி, கால அட்டவணை, ஐந்து மணிக்கு எழுந்திருப்பது எதுவும் உங்களுக்கு உதவாது.

முதலில் அந்தச் சீசன் கணக்கைப் பார்ப்போம். ஆனி, ஆடியில் சாரலும் குற்றாலக் கூட்டமும். ஆவணியில் ஓணத்துக்கு முன்பே கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள் பெயின்ட் கேட்டு வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பமார் வண்டிகள். அது முடிவதற்குள் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. உங்கள் ஊரில் பெயின்ட் கடைக்காரருக்குச் சீசன் முடிகிற மாதம் என்று ஒன்று கிடையாது. அதனால் ‘சீசனுக்கு அப்புறம்’ என்பதைத் தேதியாகவே எண்ணாதீர்கள்.

இப்போது பட்டா. ‘பட்டா மாத்தணும்’ என்று ஒரே வரியாக மனசில் வைத்திருந்தால் அது இன்னும் இரண்டு வருஷம் நகராது. அதைப் பிரித்தால் நான்கு படி. ஒன்று, அப்பாவின் இறப்புச் சான்று. இரண்டு, வாரிசுச் சான்றிதழ். மூன்று, பட்டாவில் வாரிசுகள் பெயரை ஏற்றுவது. நான்கு, யாருக்கு எந்தப் பாகம் என்று அக்காவிடம் பேசுவது. உங்களை நிறுத்துவது பெரும்பாலும் நான்காவதுதான். அந்தப் பேச்சை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. அதனால் முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை. ஆனால் முதல் மூன்றுக்கும் பாகப் பேச்சு வேண்டியதே இல்லை. வாரிசுகள் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்கலாம். தனிப் பெயருக்கு மாற்றத்தான் பாகப்பிரிவினையோ, ஒருவர் தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவாக வேண்டும். வாரிசுச் சான்றுக்கு அக்காவின் ஆதார் நகல் கேட்பார்கள். ‘அக்கா, அப்பா வாரிசுச் சான்றுக்கு உங்க ஆதார் காப்பி ஒண்ணு வேணும். பாகம் பத்தி அப்புறம் உக்காந்து பேசலாம்’ என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்.

எல்லைப்பக்கத்துக் குடும்பங்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுவதும் உண்டு. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அப்படி. திருவனந்தபுரம் நகருக்குள் உள்ள ஆஸ்பத்திரி என்றால் அந்த மாநகராட்சியில்தான் கேட்க வேண்டும். கேரள உள்ளாட்சிகளின் கே-ஸ்மார்ட் இணையதளம் வழியாகவும் முயலலாம். செங்கோட்டை நகராட்சியில் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அப்படி ஒருமுறை திரும்பினால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். சான்று கைக்கு வந்ததும் பெயரை எழுத்தெழுத்தாகப் பட்டாவோடு ஒப்பிடுங்கள். நம் இனிஷியல் அங்கே விரிந்தோ விடுபட்டோ இருக்கக்கூடும். திருத்தத்தையும் அங்கேதான் கேட்க வேண்டும். அதை முடித்துவிட்டு வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

இந்த வாரத்துக்கு உங்கள் வேலை ஒன்றே ஒன்று: இறந்த தேதி, ஆஸ்பத்திரியின் பெயர், அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு அல்லது ரசீது ஆகியவற்றை ஒரு கவரில் போட்டுக் கல்லாவுக்குள் வைப்பது. பத்து நிமிஷ வேலை. விண்ணப்பம் அடுத்த வாரம்.

பில்களுக்கு வேறு மருந்து. அங்கே பயம் குறைவு, அலுப்புதான் அதிகம். பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-இல் எழுதிய வழி இதற்கு நன்றாகப் பொருந்தும்: ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. ‘தினமும் பில் பார்ப்பேன்’ என்று சொன்னால் நடக்காது. ‘மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும், கல்லாவில் உட்கார்ந்து அன்றைய பில்லைப் பதிவேன்’ என்று வையுங்கள். பதினைந்து நிமிஷம் போதும். மூன்று கிளிப்: கொள்முதல், உள்ளூர் விற்பனை, கேரளத்துக்கு அனுப்பிய சரக்கு. மூன்றாவதுக்கு, மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐ.ஜி.எஸ்.டி. வரி என்பதால் கலந்துவிட்டால் பிரிப்பதற்கே அரை நாள் போய்விடும்.

இதில் எல்லாரும் செய்கிற தவறு, பழைய குவியலில் ஆரம்பிப்பது. வேண்டாம். இன்றைய பில்லில் ஆரம்பியுங்கள். பழையதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆடிட்டர் ஆபீஸ் பையனைக் கூட உட்கார வைத்து முடியுங்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று தோன்றினால் நான்கு ஒதுக்குங்கள். கனடாவில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை 34 நாளில் முடிப்போம் என்று கணித்தார்கள். சராசரியாக 55 நாள் பிடித்தது. மாத ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் 11-ஆம் தேதி விற்பனை விவரம், 20-ஆம் தேதி வரி. தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. உங்கள் கெடுவை 7, 16 என்று வைத்து, அந்தத் தேதிகளில் போன் செய்து கேட்கும்படி ஆடிட்டரிடமே சொல்லிவிடுங்கள். நமக்கு நாமே வைக்கும் கெடுவை நாமே தளர்த்திக்கொள்வோம். அடுத்தவர் கேட்டால்தான் கூச்சம் வரும்.

போனுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுங்கள், அலாரத்துக்கு நூற்றைம்பது, இருநூறு ரூபாயில் ஒரு கடிகாரம் வாங்குங்கள். மன உறுதியை நம்ப வேண்டாம்.

நடுவில் இரண்டு நாள் விட்டுப்போகும். கட்டாயம் விட்டுப்போகும். அன்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் இழுத்தடித்ததற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாக இழுத்தடித்தார்கள் என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. திட்டு அந்த வேலையின் மேல் இன்னொரு சங்கடத்தை ஏற்றும், அவ்வளவுதான். விட்ட நாளின் பில்களை ஓரமாக வைத்துவிட்டு அன்றைய பில்லை மட்டும் பதியுங்கள்.

கடையைத் திறக்கவே மனமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது தள்ளிப்போடுதல் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அப்பா போன துக்கம் இப்படியும் வெளிப்படும். மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.