கோவையிலிருந்து ஒரே நாளில் சைலன்ட் வேலி போய் டிரெக்கிங் செய்து திரும்ப முடியுமா?

போய்வரலாம். ஆனால் இஷ்டப்படி காட்டில் நடக்க முடியாது. 1984-இல் தேசியப் பூங்காவான இந்த மழைக்காட்டைக் கேரள வனத்துறை கட்டுப்பாட்டோடுதான் திறந்துவிடுகிறது. அது சரியும்கூட.

ஆனைகட்டி, அகளி வழியாகப் பூங்காவின் நுழைவிடமான முக்காலிக்கு விடியற்காலையிலேயே கிளம்புங்கள். வழியிலுள்ள அட்டப்பாடிப் பகுதி நெடுகத் தமிழ் செல்லும். முக்காலியில் வண்டியை நிறுத்திவிட்டு, வழிகாட்டியோடு வனத்துறை ஏற்பாட்டு ஜீப்பில் காட்டுக்குள் இருக்கும் சைரந்திரிக்கு 23 கி.மீ. போக வேண்டும். தாமதமாகப் போய் ஜீப் கிடைக்காமல் திரும்புகிறவர்களும் உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். சைரந்திரியில் காவல் கோபுரம் ஏறலாம். குந்திப்புழை ஆற்றுப் பக்கம் சிறு நடை, திரும்பும்போது ஏற்றம்.

சிங்கவால் குரங்கைப் பார்க்க வேண்டுமா? தரையில் அது விரும்பித் தின்னும் வெடிப்பலா என்ற காட்டுமரப் பழத்தின் முள்தோல் புதிதாகச் சிதறிக் கிடந்தால் அங்கேயே நின்று மேலே பாருங்கள். பேச்சுச் சத்தம் கேட்டால் கிளை தாண்டிப் போய்விடும்.

மழைக்காலத்தில் அட்டை உறுதி. பேன்ட்டை நீளக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்தால் தீயோ உப்போ வைக்காதீர்கள். அது வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கக்கூடும். ஒல்லியான முனைதான் வாய். அதனடியில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்பி, அடுத்த முனையையும் எடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு சற்று நேரம் நிற்காது. பயப்படாமல் கழுவி, துணியால் அழுத்திக் கட்டுங்கள்.

ஆனைகட்டிச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள்.