ஆபரேஷன் தியேட்டரில் கேஸ் வாசனையா? முதலில் கழிவு வாயுக் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள்

கேள்வி: சின்ன தனியார் மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். குழந்தைகளுக்கு டான்சில் ஆபரேஷன் நடக்கும் நாட்களில் மயக்க மருந்தின் இனிப்பு வாசனை அடிக்கிறது. மாலையில் தலை வலிக்கிறது. கருத்தரிக்கக் காத்திருக்கிறேன், அதனால் பயம். இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது, சிஸ்டர். மாஸ்க் துளிகளையும் தூசியையும்தான் பிடிக்கும். செவோஃப்ளுரேன் போன்ற மயக்க மருந்தின் ஆவி என்95-ஐயும் தாண்டி வந்துவிடும். அந்த வாசனையைப் பழகிப்போனதாக விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1977-இல் பரிந்துரைத்த வரம்பு, இவ்வகை ஆவிகளுக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 2 பங்கு, நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவுக்கு 25 பங்கு. மூக்குக்குத் தெரியும்போது பெரும்பாலும் வரம்பைத் தாண்டியிருக்கும்.

நாளை காலை, முதல் நோயாளி வருவதற்கு முன் மயக்க மருந்து மெஷின் பக்கம் குனிந்து பாருங்கள். கழிவு வாயு வெளியேறும் வால்விலிருந்து ஒரு மடிப்புக் குழாய் வர வேண்டும். அது எங்கே முடிகிறது? நான் பார்த்த சில சின்ன தியேட்டர்களில் அது மேசைக்கடியில் சுருண்டு, வாய் திறந்தபடி தரையில் கிடந்தது. அப்படியானால் நோயாளி விடும் மூச்சு உங்கள் அறைக்குள்தான் கலக்கிறது. ஸ்ப்ளிட் ஏ.சி. உதவாது, உள்ளே இருக்கிற காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தரும்.

அந்தக் குழாயைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். அகலமாக, நீளம் குறைவாக, எங்கும் மடங்காமல் இருக்கட்டும். வெளிமுனை ஆட்கள் நிற்கும் இடத்திலோ ஜன்னல் அருகிலோ வேண்டாம். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: சுவரில் இருக்கும் சக்ஷனில் (உறிஞ்சு குழாயில்) அதை நேரடியாகச் செருகுவது. அந்த இழுவிசை நோயாளியின் நுரையீரல் வரை போகும். உறிஞ்சி வெளியேற்றுவதானால் அதற்கென்றே உள்ள இணைப்புக் கருவி நடுவில் இருந்தாக வேண்டும்.

இதனால் பலன் உண்டா என்றால், உண்டு. கலிஃபோர்னியாவின் பல் மருத்துவ உதவியாளர்களிடம் நடத்தி 1992-இல் வெளியான ஆய்வில், வாயுவை வெளியேற்றும் வசதி இல்லாத இடங்களில் வாரம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ நைட்ரஸ் ஆக்சைடு சுவாசித்த பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. வசதி இருந்த இடங்களில் அந்தக் குறைவு தெரியவில்லை.

அப்புறம், டான்சில் நாள். குழந்தை திமிறும்போது அதன் முகத்தில் வைக்கும் மயக்க மாஸ்க் விளிம்பில் கசிவதுதான் அதிகம். முகத்துக்குப் பொருந்தும் அளவை முன்பே எடுத்து வையுங்கள். மாஸ்கை எடுப்பதற்கு முன் வாயு ஓட்டத்தையே நிறுத்தும்படி மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரை மட்டும் மூடினால் குழாய்க்குள் இருப்பது வெளியே வரும். ஆபரேஷன் முடிந்து வார்டில் கண்விழிக்கும் குழந்தையும் சிறிது நேரம் மருந்தை மூச்சில் விட்டுக்கொண்டே இருக்கும். முகத்துக்கு நேராகக் குனியாமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

குழாய் வேலை முடியும்வரை டான்சில் நாட்களில் வேறு பணி கேளுங்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல. காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.