கெம்பு, ஏடி கல், பாலக்கா: வடசேரிக் கல் பதிப்பவரிடம் கேளுங்கள்

நாகர்கோவில்: அண்ணே, மகள் அரங்கேற்றத்துக்கு வாங்கின தலைசாமான்ல ரெண்டு கெம்பு கறுத்துப் போச்சு. கல்லு கெட்டுடுச்சா?

கல்லு கெடல அக்கா. விலை குறைஞ்ச செட்டுல வர்ற கெம்பு பெரும்பாலும் சிவப்புக் கண்ணாடி. அதுக்கு அடியில பளபளன்னு மெல்லிசா ஒரு தகடு இருக்கும். உள்ளே போற வெளிச்சம் அந்தத் தகட்டுல பட்டுத் திரும்புறதாலதான் மேடையில அந்தச் சிவப்பு எரியுது. வேர்வையோ தண்ணியோ இறங்கினா தகடு கறுத்துடும். பதிக்கத் தெரிஞ்சவர்கிட்ட கொடுத்தா கல்லைக் கழற்றித் தகடு மாத்தித் தருவார். இனிமேல் கழுவவே கழுவாதீங்க, சோப்பும் வேண்டாம், புளியும் வேண்டாம். ஆடி முடிச்சதும் காய்ஞ்ச பருத்தித் துணியால ஒத்தி எடுத்து, காத்தாட வெச்சு, அப்புறம் பெட்டியில வைங்க. செண்ட் அடிச்சு முடிச்ச பிறகுதான் நகை போடணும். பழைய கோயில் நகைன்னா உள்ளே அரக்கு இருக்கும், சூடு படவே கூடாது.

களியக்காவிளை: லேப்ல செஞ்ச மாணிக்கம், போலி இல்லைன்னு கடையில சொல்றாங்க. நம்பலாமா?

அது உண்மையா இருக்கலாம் தம்பி. 1902-ல வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினியம் ஆக்சைடு பொடியைத் தீச்சுவாலையில உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவிச்சார். நிறம் தர்றது குரோமியம். மண்ணுல கிடைக்கிற மாணிக்கமும் இதே பொருள்தான், கீறலைத் தாங்குற கடினத்தை 1-லிருந்து 10 வரை சொல்ற மோஸ் அளவுலயும் ரெண்டுக்கும் அதே 9. கண்ணாடி 6-ஐத் தொட்டாலே பெரிசு, சீக்கிரம் கீறல் விழும். லென்ஸ்ல பார்த்தா இந்த முறையில செஞ்ச கல்லுல வளைஞ்ச கோடுகள் தெரியும், இயற்கைக் கல்லுல கோடு நேரா ஓடும். பில்லுல "செயற்கை மாணிக்கம்"னு எழுதித் தரச் சொல்லுங்க. எழுதத் தயங்குற கடையில வாங்காதீங்க.

செங்கோட்டை: மெஷின்ல வைரம்னு காட்டுச்சு. அப்போ வைரம்தானே?

அதை மட்டும் நம்பாதீங்க. சூடு கடத்துறதைப் பார்க்கிற மெஷின் ஏடி கல்லை (அமெரிக்கன் டைமண்ட்னு விக்கிற செயற்கைக் கல்) வைரம் இல்லைன்னு பிடிச்சுடும், ஆனா மொய்சனைட்டை (வைரம் மாதிரியே மின்னுற வேற கல்) வைரம்னே காட்டும். லென்ஸ் வெச்சுக் கல்லைச் சாய்ச்சுப் பாருங்க. பின்பக்கத்துப் பட்டை விளிம்புகள் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா அது மொய்சனைட்.

பாலக்காடு: கல்யாணத்துக்குக் கசவுச் சேலை அண்ணா. பச்சைக் கண்ணாடி பதிச்ச பாலக்கா மாலை போட்டா மட்டமா இருக்குமா?

இருக்காதும்மா, தாராளமா போடு. கசவோட வெளிர் நிறத்துல அந்தக் கரும்பச்சை தனியா எடுத்துக் காட்டும். ஏடி கல் நெக்லஸை மட்டும் கூடச் சேர்க்காதே, வெள்ளை மினுக்கு பச்சையை அமுக்கிடும். காதுக்குச் சின்ன ஜிமிக்கி போதும்.