கறிவேப்பிலையை எதில் ஊறவைப்பது?

காய்களை மஞ்சள்தூளும் கல்லுப்பும் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுவைக்கிறேன். பூச்சிமருந்து முழுவதும் போய்விடுமா? – வாசகி, மதுரை

போகாது. காலிஃபிளவருக்குள் ஒளிந்திருக்கும் புழுவை வெளியேற்ற உப்புத் தண்ணீர் நல்லது. பூச்சிமருந்தை நீக்க மஞ்சளை நம்பியிருக்க வேண்டாம்.

முதல் வேலை, ஓடும் குழாய்த் தண்ணீரில் ஒவ்வொரு காயையும் அரை நிமிடமாவது கையால் தேய்த்துக் கழுவுவது. தோலில் படிந்த மருந்து பெரும்பாலும் இந்த உரசலில்தான் கழன்றுவரும். தக்காளி, கத்தரிக்காய், குடைமிளகாய் இவற்றின் காம்புப் பள்ளத்தை விரலால் சுற்றித் தேய்க்கவும். காம்பைக் கிள்ளுவதும் நறுக்குவதும் கழுவிய பிறகுதான். வெட்டுவாய் வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே போகும்.

அடுத்து, லிட்டருக்கு 10 கிராம் (தலைதட்டி இரண்டு டீஸ்பூன்) ஆப்பசோடா கரைத்து 15 நிமிடம் ஊறவைத்து அலசலாம். சலவைசோடா வேறு, அதைத் தொடவே கூடாது. 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், இதே அளவு சோடாக் கரைசல் ஆப்பிளின் மேல்பரப்பிலிருந்த தையாபென்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி, பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லி இரண்டையும் நீக்கியது. ஆனால் தையாபென்டசோலில் 20 சதவீதம் அதற்குள் தோலைத் தாண்டி இறங்கிவிட்டிருந்தது. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றோடு ஓடுபவை. அவற்றை எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. எல்லாவற்றையும் நீக்கும் என்று விற்கும் திரவங்களுக்குக் காசு கொடுக்கும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்னிக்குப் பச்சையாக அரைக்கும் கறிவேப்பிலை, மல்லித்தழை? – வாசகர், திருப்பூர்

இவற்றுக்குத்தான் அதிகக் கவனம் தேவை. தோல் சீவ வழியில்லை, அப்படியே வயிற்றுக்குள் போகிறது. கறிவேப்பிலையைக் கொத்தோடு நனைத்தால் இலையும் ஈர்க்கும் சேரும் மூலையில் படிந்தது அங்கேயே இருக்கும். எனவே உருவிக்கொண்டு முதலில் தண்ணீரில் அலசவும். பிறகு ஒரு லிட்டரில் 20 கிராம் புளி கரைத்து, அதில் கால்மணி நேரம் ஊறவைக்கவும். இலையைக் கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தோடு வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேல் விழும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி முடிக்கவும். மல்லிக்கும் புதினாவுக்கும் வேரையும் மண் ஒட்டிய அடித்தண்டையும் வெட்டிவிட்டு இதே முறைதான். புளியும் ஆப்பசோடாவும் ஒரே தண்ணீரில் வேண்டாம், ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

சாலட்டுக்கு வெட்டும் காய்களில் கிருமி சாக என்ன செய்வது? – வாசகி, கோவை

உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் திரவம்) வாங்குங்கள். அதில் 1 மில்லியை ஒரு லிட்டரில் கலந்தால் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 50 பங்கு. கழுவிய காயை இதில் ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, குடிநீரில் அலசவும். மண் போகாமல் மூழ்கவைத்தால் குளோரின் மண்ணிலேயே வீணாகிவிடும். புளியோ வினிகரோ இதோடு சேரவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

நாடாப்புழு முட்டைக்குக் குளோரின் பயன்படாது. கேரட்டைத் தோல் சீவவும், முட்டைக்கோஸில் வெளி இலைகள் இரண்டு மூன்றைக் கழிக்கவும். கர்ப்பிணிகளும் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களும் வேகவைத்தே சாப்பிடட்டும்.

வாங்கி வந்ததுமே எல்லாவற்றையும் கழுவி ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

வேண்டாம், ஈரம் தங்கினால் சீக்கிரம் அழுகும். சமைக்கும்போது கழுவுங்கள்.