பாலைவன நாடு ஏன் கோதுமையை வெளியே வாங்குகிறது? பணத்தைக் கொட்டினால் அங்கேயே விளையாதா?

விளையும். சவுதியில் விளைந்தது. நீங்கள் வளைகுடாவுக்கு வந்த புதிதில் வெறும் மணலைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கேட்டேன்.

2007 முதல் 2014 வரை சவுதியின் நடுப்பகுதியில் இருக்கும் அல் கசீம் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் பம்ப் மெக்கானிக்காக இருந்தேன். "மெக்கானிக்குக்கு விவசாயத்தைப் பற்றி என்ன தெரியும்" என்று சிலர் எழுதுவார்கள். எழுதட்டும். பயிரைப் பற்றி நான் பேசவில்லை, தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன். அதை மேலே கொண்டுவந்தது என் கைதான்.

ஒவ்வொரு வயலும் ஒரு வட்டம், ஏறக்குறைய 50 ஹெக்டேர். நடுவில் போர்வெல். பிவட் குழாய் சக்கரத்தில் ஊர்ந்தபடி சுற்றிச் சுற்றித் தெளிக்கும். டிசம்பரில் விதைத்தால் மே மாதத்துக்குள் அறுவடை. அந்தத் தண்ணீர் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மணற்பாறைக்குள் இறங்கியது. இன்று பெய்யும் மழையால் அது நிரம்பாது.

நீர்மட்டம் கீழே போய்க்கொண்டே இருந்ததால், நான் பார்த்துக்கொண்ட ஒரு கிணற்றில் மட்டும் ஏழு வருஷத்தில் ஒன்பது பைப் கூடுதலாக இறக்கினேன். ஒவ்வொன்றும் பத்து அடி. மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தால் இரவென்றும் பார்க்காமல் கிரேனை வைத்து மொத்தத்தையும் மேலே தூக்கி, பைப் சேர்த்து, திரும்ப இறக்க வேண்டும். அந்த இரவு வேலைகளுக்கு ஓவர்டைம் எழுதி வைத்தேன். ஒரு ரியால் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது சர்வீஸ் பணத்திலும் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எங்கே போய்ச் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அரசு டன்னுக்கு 3,500 ரியால் கொடுத்துக் கோதுமையை வாங்கியது. அந்த விலைக்கு யார்தான் விதைக்க மாட்டார்கள்? 1992 வாக்கில் விளைச்சல் சுமார் 40 லட்சம் டன், ஏற்றுமதியே செய்தார்கள். அப்புறம் நிலத்தடி நீர் தீர்கிறது என்று உணர்ந்து, 2008இல் கொள்முதலை ஆண்டுக்கு 12.5 சதவீதம் குறைக்க முடிவெடுத்து, 2016இல் நிறுத்தினார்கள். இறக்குமதிக் கோதுமை என்றால் வேறு நாட்டு மழையை வாங்குவது. அதில் அவமானம் எதுவும் இல்லை. கப்பல் நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கிடங்குகளில் மாதக்கணக்கில் இருப்பு வைக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். கோதுமையைக் குறைத்ததும் எங்கள் பண்ணையில் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரை மசால் போட்டார்கள். கோதுமைக்கு ஐந்தாறு மாதம் தண்ணீர் விட்டால் போதும். குதிரை மசாலுக்கு வருஷம் முழுக்க விட வேண்டும், அந்த வெயில் காலத்திலும். நான் இறக்கிய ஒன்பதில் கடைசி நாலு பைப் அதற்காகத்தான்.