சுவின் விதை தருகிறேன் என்கிறார் முகவர்: நம்பலாமா?

கேள்வி: ஆத்தூர் அருகே ஒரு ஏக்கர் வைத்திருக்கிறேன். சுவின் பருத்தி விதையைத் தானே கொடுத்து, விளைச்சலை பி.டி. (காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய) பருத்தியைப் போல இரண்டு மடங்கு விலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒரு முகவர் சொல்கிறார். இறங்கலாமா?

பதில்: ரகத்தில் குறை இல்லை. சுஜாதா என்ற பருத்தி ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் தீவுப் பருத்தியையும் ஒட்டுச் சேர்த்துக் கோவையில் உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். இழை 38 மில்லிமீட்டர் வரை நீளும். 120ஆம் நம்பர் நூல், அதாவது மிக மெல்லிய நூல், நூற்கலாம். மில்காரர்கள் தேடுவதும் உண்மை.

முதலில் விதையைப் பாருங்கள். சுவின் பஞ்சைக் கையால் பிய்த்தெடுத்தால் கறுத்த கொட்டை தெரியும், முனையில் மட்டும் குட்டைப் பஞ்சு ஒட்டியிருக்கும். பி.டி. கொட்டையிலோ உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. ஆனால் அமிலத்தில் நேர்த்தி செய்து அந்தப் பஞ்சை நீக்கிவிட்டால் எல்லா விதையும் கறுப்புதான். ஆகவே நீல நிறச் சான்று அட்டை இல்லாத பையைத் தொடாதீர்கள்.

ஒரே விதிவிலக்கு, தெரிந்த விவசாயி எடுத்து வைத்த விதை. சுவின் ஒட்டில் பிறந்தாலும் நிலைப்படுத்திய ரகம், வீரிய ஒட்டு (ஹைபிரிட்) அல்ல, மறுபடி விதைக்கலாம். ஆனால் அவர் வயலை ஒட்டி பி.டி.யோ டிசிஹெச்-32 என்ற வீரிய ஒட்டுப் பருத்தியோ நின்றிருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்திருக்கும். அக்கம்பக்கத்தில் யார், எந்த ஆண்டு, என்ன போட்டார்கள் என்று வரப்பில் நின்று கேளுங்கள். டிசிஹெச் விதையையே சுவின் என்று யாராவது கொடுத்தால், அது மறுவிதைப்பில் பல தினுசாகப் பிரிந்துபோகும்.

அடுத்து அந்த ‘இரண்டு மடங்கு’. பஞ்சுக்கா, கொட்டையோடு கூடிய பருத்திக்கா? மூன்று குவிண்டால் பருத்தியை அரைத்தால் ஒரு குவிண்டால் பஞ்சு தேறுவதே கடினம். முகவர்கள் பஞ்சு விலையைச் சொல்லிப் பருத்தியை எடைபோடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய முகவர் அறுவடை நேரத்தில் தொலைபேசியை அணைத்துவிட்டார். ஏலத்துக்குக் கொண்டுபோனால், நான்கு மூட்டை சுவினுக்குத் தனிக் குவியல் போட ஆளில்லை. டிசிஹெச் விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்.

2024 பிப்ரவரியில் இழை நீளம் 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இறக்குமதிப் பஞ்சுக்குச் சுங்கவரியை நீக்கிய அரசுக்கு, இங்கே சான்று விதையைத் தட்டுப்பாடின்றித் தர மட்டும் ஏனோ கை வருவதில்லை. எத்தனை கூட்டத்தில் சொல்லிவிட்டேன்!

பயிர் ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும். தத்துப்பூச்சி விரும்பி வரும், காய்ப்புழுவுக்கும் தனியாக மருந்து வேண்டும். இந்த ஆண்டு கால் ஏக்கர் போதும். குவிண்டால் விலையை எழுதிக் கையெழுத்துப் போட முகவர் மறுத்தால், அதையும் விட்டுவிடுங்கள்.